கொச்சி ராஜாவின் அரண்மனையும் எங்காத்து ரயில் டிக்கெட்டும்

யாராவது என்னைப் 'பாலக்காட்டுக்காரர்' என்று அறிமுகப்படுத்தினால் நான் மறுப்பதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு திருத்தம் போட்டுக்கொள்வேன். நான் சித்தூர்க்காரன். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை. சோகநாசினிக் கரையில், துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் சித்தூர். எங்கள் தெக்கே கிராமத்து அக்ரஹாரத்தை எழுத்தச்சனின் சிஷ்ய பரம்பரைதான் ஏற்படுத்தியது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன்.

கல்பாத்திக்காரர்களும் நூரணிக்காரர்களும் இதைப் படித்துப் புன்னகைக்கலாம். இரண்டுக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை, இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. பாலக்காடு, பாலக்காட்டு அச்சன்மார்களிடமிருந்து ஹைதர், திப்பு கைக்குப் போய், பிறகு வெள்ளைக்காரனின் மலபார் ஜில்லாவில் சேர்ந்தது. சித்தூர் தாலூகா அப்படிப் போகவில்லை. சுற்றிலும் மலபார் இருக்க, நடுவில் ஒரு தீவு மாதிரி கொச்சி ராஜ்யத்தோடேயே இருந்தது. சித்தூர், தத்தமங்கலம், நல்லேபிள்ளி எல்லாம் கொச்சி. பாலக்காடு ஜில்லா உண்டாகி அதில் சித்தூர் சேர்ந்ததே 1957 ஜனவரியில்தான். ஆகவே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'ராஜா' என்று சொன்னால் அது திருப்பூணித்துறையில் இருக்கிற ராஜா. மும்பையிலும் கோயமுத்தூரிலுமாக எழுபது வயதைத் தாண்டிவிட்ட நான், அந்த ராஜாவின் வீட்டை இத்தனை நாள் பார்த்ததில்லை என்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் எங்கள் கொள்ளுத்தாத்தா. அவர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அரண்மனைக்குள் நுழைய முடியும்.

திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசன் கொச்சி ராஜ வம்சத்தின் குலதெய்வம். விருச்சிக மாசத்து உத்ஸவத்தில் பதினைந்து யானைகள் அணிவகுத்து நிற்கும். பதினைந்துக்கும் தங்க நெற்றிப்பட்டம். எங்கள் கொள்ளுத்தாத்தா வருஷா வருஷம் அந்த உத்ஸவத்துக்கு வேதபாராயணத்துக்குப் போகிறவர். அந்தக் காலத்தில் அது சின்னப் பிரயாணம் இல்லை. சித்தூரிலிருந்து மாட்டு வண்டியில் ஒலவக்கோடு. அங்கிருந்து மெட்ராஸ் ரயில்வே வண்டியில் ஷொர்ணூர். பாரதப்புழையைக் கடந்து செறுதுருத்தியில் கால் வைத்தால் மறுபடி கொச்சி ராஜ்யம். அங்கிருந்து திருச்சூர் வரை வண்டி, பிறகு காயல் வழியாக வள்ளம். மூன்று நாள் ஆகும் என்பார்களாம். கையில் கட்டுச்சாதம், ஒரு செம்பு, ஒரு மடித்த வேஷ்டி.

இதிலுள்ள விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மதராஸிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கு 1862லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சித்தூர்க்காரன் மதராஸுக்கு ரயிலில் போகலாம். தன் சொந்த ராஜாவின் ஊருக்குப் போகத்தான் வண்டியும் வள்ளமும். இந்த நிலை நாற்பது வருஷம் நீடித்தது.

1895இல் பட்டத்துக்கு வந்த ராமவர்மா, பின்னால் 'ராஜரிஷி' என்று ஜனங்கள் அழைத்தவர், இதை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தார். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் பாதை. அவருக்குத் திவானாக வாய்த்தவர் பி. ராஜகோபாலாச்சாரி என்ற ஐயங்கார் ஸ்வாமி. 1896 முதல் 1901 வரை கொச்சித் திவான். (இவரே பின்னால் திருவிதாங்கூர் திவானாகி, புலையர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்துவிட்டார், அதே கையால் 1910இல் 'ஸ்வதேசாபிமானி' பத்திராதிபர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தவும் செய்தார். மனிதர்களை ஒரே தராசில் நிறுப்பது கஷ்டம்.) 1899இல் வேலை தொடங்கி 1902இல் வண்டி ஓடிற்று. பணத்துக்கு என்ன செய்தார் ராஜா? மற்ற ஏற்பாடுகளோடு, பூர்ணத்ரயீசனின் பதினைந்து தங்க நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்றார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இது தாங்கவில்லை. "ஸ்வாமியோட ஸ்வர்ணத்தை இரும்பாக்கிட்டாளே!" என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்பினாராம். அந்த இருப்புப் பாதையில் கால் வைப்பதில்லை என்று ஸங்கல்பமே செய்துகொண்டார். 1902க்குப் பிறகும் ஷொர்ணூரில் இறங்கி, புத்தம் புதிய ரயில் பக்கத்தில் புகை விட்டுக்கொண்டு நிற்க, இவர் செம்பைத் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டி தேடுவார். ஊரார் சிரித்தார்கள். அவருக்குக் கவலையில்லை.

சில வருஷம் இப்படிப் போயிற்று. எர்ணாகுளத்தில் ஹஜூர் கச்சேரி குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்ட அவர் பெண்ணுக்கு (எங்கள் அப்பாவுக்கு அத்தை) இரண்டாவது பிரசவத்தில் உயிருக்கு ஆபத்து என்று தந்தி வந்தது. கொள்ளுத்தாத்தா அன்று வண்டியும் தேடவில்லை, வள்ளமும் தேடவில்லை. ஷொர்ணூரில் நேரே போய் எர்ணாகுளத்துக்கு டிக்கெட் எடுத்தார். விடிவதற்குள் பெண் பக்கத்தில் இருந்தார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். திரும்பும் வழியில் திருப்பூணித்துறைக்குப் போய், டிக்கெட்டுக்குக் கொடுத்த அதே தொகையை ஸ்வாமி ஸன்னிதியில் போட்டாராம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அவன் வண்டியில் போனேன், அவனுக்குக் கூலி கொடுத்தேன்" என்று பதில்.

அன்று தொடங்கியது எங்காத்து வழக்கம். ஷொர்ணூர்–எர்ணாகுளம் பாதையில் யார் போனாலும் டிக்கெட் காசுக்கு ஈடாகப் பூர்ணத்ரயீசனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைக்க வேண்டும். செம்பூரில் இருந்த நாளில் என் அம்மா அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அந்த முடிச்சுகள் வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாருக்கும் நேரம் வரவில்லை. அம்மா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டின் எங்களோடு கோயமுத்தூருக்கு வந்து பரணில் இருந்தது.

சென்ற கார்த்திகையில் (எங்கள் ஊர்க் கணக்கில் விருச்சிகம்) ஆத்துக்காரியும், பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேரனும், நானும், பிஸ்கட் டின்னும் பாலக்காடு ஜங்ஷனில் ரயில் ஏறினோம். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. நாகவல்லி இருந்த அரண்மனைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் அவனைக் கிளப்ப முடிந்தது.

ஒற்றப்பாலம் தாண்டும்போது அவனுக்கு வி.பி. மேனனைப் பற்றிச் சொன்னேன். சர்தார் படேலோடு நின்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்தவர் அந்தப் பக்கத்துப் பிள்ளை. அவர் எழுதிய நூலில் கொச்சி ராஜாவைப் பற்றி ஒரு விஷயம் வரும். 1949இல் திருவிதாங்கூரோடு கொச்சியை இணைத்தபோது ராஜாவாக இருந்தவர் பரீக்ஷித்துத் தம்புரான்; தர்க்க சாஸ்திரத்தில் பெரிய பண்டிதர். திருவிதாங்கூர் மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். கொச்சி ராஜா தமக்கென்று பதவி எதுவும் கேட்கவில்லை. வருஷா வருஷம் தம் குடும்பத்துக்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பஞ்சாங்கம் தொடர்ந்து வரவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள்! ராஜ்யத்தைக் கொடுத்துவிட்டுப் பஞ்சாங்கத்தைக் கேட்ட மனிதர். நம் வீட்டுத் தாத்தா ஒருவர் செய்கிற காரியம் மாதிரி இல்லையோ?

ஷொர்ணூர் தாண்டிப் பாரதப்புழை. பக்கத்தில் பழைய கொச்சிப் பாலம் தெரிந்தது. ராஜரிஷி காலத்தில் இந்த ரயிலோடு சேர்ந்து 1902இல் எழுந்த பாலம். 2011இல் அதன் ஒரு பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. முழுசாக எடுக்கவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. மிச்சமிருக்கிற தூண்கள் மணலில் நின்றுகொண்டிருக்கின்றன. கொள்ளுத்தாத்தா நடந்த இடம் இங்கேதான் எங்கேயோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

எர்ணாகுளம் நார்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே டவுன் ஹால் மெட்ரோ நிலையம். 2024 மார்ச் முதல் மெட்ரோ திருப்பூணித்துறை வரை ஓடுகிறது. நம் வயதுக்காரர்களுக்குப் பெரிய உபகாரம், லிஃப்ட், ஏ.ஸி., உட்கார இடம்.

ஹில் பாலஸ் பெயருக்கு ஏற்ப ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது. 1865இல் கட்டியது. ஒரே மாளிகை என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சுமார் 54 ஏக்கரில் 49 கட்டடங்கள் சிதறிக் கிடக்கின்றன. சில நாலுகட்டு ஓட்டுக் கட்டடங்கள், சில வெள்ளைக்காரப் பாணி. கீழ் வாசலிலிருந்து படிப்படியாக ஏறும் தோட்டம், அடுக்கடுக்கான மேடைகள். படிகள் அதிகம், முழங்கால் தகராறு உள்ளவர்கள் நின்று நின்று ஏறலாம், அவசரமில்லை. மூலிகைச் செடிகள் வளர்க்கிறார்கள். பெரிய மரங்களின் நிழல் மத்தியான்ன வெயிலையே மறக்கடித்துவிடுகிறது. ஆத்துக்காரி உள்ளே வருவதற்கு முன்னாலேயே ஒரு மரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்கள் ராஜாவைப் பார்த்துட்டு வாங்கோ, நான் தோட்டத்தைப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டாள். மான்கள் இருக்கும் பகுதிக்குப் பேரன் ஓடினான்.

தோட்டத்தில் நின்று பார்க்கும்போது எனக்குத் தோன்றியது: இது காட்டுவதற்காகக் கட்டிய அரண்மனை இல்லை. மைசூரையோ ஜெய்ப்பூரையோ பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய தறவாடு, அவ்வளவுதான். கொச்சியில் தாய் வழி முறை. பட்டம் மருமக்களுக்குப் போகும், பிள்ளைக்கு இல்லை. ராஜாவின் மனைவி 'நேத்யாரம்மை'. ராணி ஆக மாட்டாள். குடும்பத்தில் மூத்த ஆண் ராஜா. ஆகவே பெரும்பாலும் தலை நரைத்த பிறகுதான் பட்டம். அவர்களைக் குறிப்பிடும் முறையும் விசேஷம். எந்த ஊரில் காலமானார் என்பதை வைத்து 'மதராஸில் தீப்பெட்ட தம்புரான்', 'சொவ்வரையில் தீப்பெட்ட தம்புரான்' என்று சொல்வார்கள். தீப்பெட்ட என்றால் காலமான என்று ராஜ மரியாதையில் அர்த்தம்.

நம் ராஜரிஷிக்கு மட்டும் வேறு பெயர்: 'ஒழிஞ்ஞ வலிய தம்புரான்'. பதவியிலிருந்து விலகிய பெரிய தம்புரான். 1914 டிசம்பரில், உலக யுத்தம் தொடங்கிய சில மாதங்களில், அவர் பட்டத்தைத் துறந்தார். வெள்ளைக்கார அரசோடு கருத்து வேற்றுமை முற்றியிருந்தது. உடல் நிலையும் சொல்லப்பட்டது. பத்தொன்பது வருஷம் வகையறிந்து ஆண்டவர் திருச்சூருக்குப் போய், 1932 ஜனவரியில் காலமாகும் வரை சாதாரணமாக வாழ்ந்தார். அவருக்குப் பின் பட்டமேறியவர் அதே வருஷம் மார்ச்சில் மதராஸில் காலமானார்.

உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அரண்மனை 1980இல் அரசாங்கத்தின் கைக்கு வந்து, 1986இல் பொருட்காட்சியாகத் திறந்தது. சிங்காதனம், வாள்கள், ஓலைச்சுவடிகள், நாணயங்கள், சீனப் பீங்கான் ஜாடிகள், ராஜாக்களின் எண்ணெய்ச் சாயப் படங்கள், குதிரை வண்டிகள். நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதினால் இதழில் இடம் போதாது. நான் அதிக நேரம் நின்றது ஒரே இடத்தில். கிரீடம்.

ரத்தினங்கள் பதித்த தங்கக் கிரீடம்; ஒன்றே முக்கால் கிலோ என்கிறார்கள். போர்ச்சுக்கீசிய ராஜா கொடுத்தனுப்பியதாக ஐதிகம். ஆனால் கொச்சி ராஜாக்கள் யாரும் அதைத் தலையில் வைத்ததில்லை, மடியில் வைத்துக்கொள்வார்களாம். அவர்களுடைய பூர்விக ஸ்தானம் பொன்னானிப் பக்கத்து வன்னேரி. அங்கே சித்ரகூடத்தில்தான் முடி சூட வேண்டும். ஸாமூதிரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். அதைத் திரும்பப் பெறும் வரை தலையில் கிரீடம் வைப்பதில்லை என்று பிரதிக்ஞை. வன்னேரி திரும்பக் கிடைக்கவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கிரீடம் மடியிலேயே இருந்தது.

பேரன் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு, "தலையிலேயே வைக்காத கிரீடத்தை விற்காம, ஸ்வாமியோடதை ஏன் தாத்தா வித்தார்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவன் கேட்ட பிறகு யோசித்துக்கொண்டே அடுத்த அறைகளைச் சரியாகப் பார்க்காமல் நடந்தேன்.

இன்று வரை யோசித்ததை எழுதுகிறேன். வாசகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. முதலாவது, அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? ராஜ குடும்பமும் பக்தர்களும் ஸமர்ப்பித்தது, சரி. அதற்கும் பின்னால் போனால் நிலம். நெற்றிப்பட்டத்துக்குப் பின்னால் பாட்டம் இருந்தது. உழுதவன் அளந்த நெல்தான் கைமாறிக் கைமாறி யானை நெற்றியில் தங்கமாக மின்னிற்று. அந்த உழவனில் பெரும்பாலோருக்கு யானை நின்ற மதிலுக்குள் நுழைய அனுமதி கிடையாது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல் வந்தது. கொச்சி அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் யோசித்தது. ஆக, தாங்கள் பார்க்கவே முடியாத ஒரு நகைக்கு அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பங்கு செலுத்தியிருக்கிறார்கள்.

அந்த நகை ரயிலான பிறகு? டிக்கெட் வாங்கினவன் எல்லோரும் ஏறலாம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பக்கத்துப் பலகையில் யார் உட்கார்ந்தார் என்று அவரால் கேட்க முடிந்திருக்காது. (நம்மவர்கள் அங்கேயும் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னிந்திய ரயில் நிலையங்களில் பிராமணர்களுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை வெகு காலம் இருந்தது. வண்டிக்குள் வழியில்லாததைப் பிளாட்பாரத்தில் செய்துகொண்டோம்.) என் மனசில் அடிக்கடி ஒரு சந்தேகம் வரும்: கொள்ளுத்தாத்தாவின் கோபத்தில் எவ்வளவு ஸ்வாமியின் பொன்னுக்காக, எவ்வளவு அந்தப் பலகைக்காக? அவரைக் கேட்க முடியாது. ஆனால் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது பொன்னை மட்டும்தான் சொல்வார்.

இரண்டாவது, முழுச் செலவும் அந்தப் பதினான்கு பட்டத்தில் அடங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை, ஆற்றுப் பாலம், நிலையங்கள். ராஜ்யத்தின் கஜானா சுமந்ததுதான் பெரும் பாரமாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் பட்டத்தை விற்றது கணக்குக்காக மட்டும் இருக்குமா? தம் குலதெய்வத்தின் பொருளையே கொடுத்தபின், ராஜ்யத்தில் வேறு யாரும் தங்கள் பங்குக்கு முணுமுணுக்க முடியாது. பேரனுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: கிரீடம் ராஜாவின் பிரதிக்ஞை, முன்னோர் கடன், பட்டம் ராஜாவின் பக்தி. விற்பதானால் எது அதிகம் வலிக்குமோ அதை விற்றார். இது என் ஊகம்தான்.

அந்த ரயில் என்ன செய்தது என்பதற்கு ஊகம் தேவையில்லை. 1907இல் கொச்சி அரசு சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் காட்டுக்குள் சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் பாதை போட்டது. இன்றைக்குப் பாலக்காடு ஜில்லாவில் புலிகள் காப்பகமாக இருக்கும் அதே பறம்பிக்குளம். தேக்கும் வீட்டி மரமும் டிராமில் சாலக்குடிக்கு வந்து, ராஜாவின் ரயிலில் ஏறிக் கொச்சிக்குப் போயின. 1963 வரை அது ஓடிற்று. 1930களில் ரயில் பாதையை அகலப்படுத்தினார்கள், கொச்சித் துறைமுகமும் அதே காலத்தில் வளர்ந்தது. நிலச் சீர்திருத்தம் வந்து கிராமத்தில் பாட்டம் நின்றபோது, நம் வீடுகளில் எத்தனை பேர் எர்ணாகுளத்துக் கம்பெனிகளுக்கும் பாங்குகளுக்கும் இதே பாதையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அங்கத்தினர்களே எண்ணிப் பார்க்கலாம். எங்கள் குடும்பத்தில் மட்டும் ஏழு பேர்.

நாகவல்லியின் அறை எது என்று பேரன் காவலாளியிடம் கேட்டான். 1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் காட்சிகள் சில இங்கும் சில பத்மநாபபுரத்திலும் எடுக்கப்பட்டவை. வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது. மனிதர் அலுத்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார். தோட்டத்துக்குத் திரும்பினால் ஆத்துக்காரி திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு மாமியோடு சிநேகமாகி, இருவரும் மூலிகைச் செடிகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பாதிக்கு மேல் நம்மாத்துக் கொல்லையில் இருந்ததாக்கும்" என்றாள்.

மறுநாள் காலையில் நான் மட்டும் இன்னொரு இடத்துக்குப் போனேன். எர்ணாகுளம் ஹைகோர்ட்டின் பின்னால் பழைய ரயில் நிலையம். 1902இல் ஷொர்ணூரிலிருந்து வந்த முதல் வண்டி போய் நின்ற இடம். காந்திஜி 1925இல் வைக்கம் போகும் வழியில் இறங்கியதும் இங்கேதான். இப்போது வண்டி எதுவும் வருவதில்லை. நிலையக் கட்டடம் கூரை சரிந்து, பிளாட்பாரத்தில் ஆள் உயரத்துக்குச் செடி முளைத்து, தண்டவாளம் இருக்கும் இடத்தைக் காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்கப் போகிறோம் என்று பல தடவை பேச்சு எழுந்து அடங்கியிருக்கிறது. தலையில் வைக்காத கிரீடத்துக்குக் கண்ணாடிப் பெட்டியும் காவலும் இருக்கின்றன. பதினான்கு பட்டம் போய் முடிந்த இடத்தில் ஒரு பெயர்ப் பலகைகூட என் கண்ணில் படவில்லை. கொள்ளுத்தாத்தா தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய பிளாட்பாரம் இதுதான் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிறகு கோவில். உத்ஸவம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, கூட்டமில்லை. 1920இல் தீப்பிடித்து, பிறகு திரும்பக் கட்டிய ஸன்னிதி. ஐந்து தலை நாகத்தின் குடைக்கீழ் ஸந்தான கோபாலனாக உட்கார்ந்திருக்கிறான் பூர்ணத்ரயீசன். பிஸ்கட் டின்னைத் திறந்து முடிச்சுகளை அவிழ்த்தோம். ஓட்டைக் காலணா, நயா பைசா, அலுமினியத்தில் இருபது பைசா, ஒரு ரூபாய் நோட்டு. முக்கால்வாசி இன்று செல்லாது. வழிபாட்டுக் கவுண்டரில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்த பிறகு, "செல்லாததானாலும் பண்டாரத்தில் போடுங்கள், அவனுக்குக் கணக்குத் தெரியும்" என்றார். போட்டோம். எங்கள் மூன்று பேருடைய ரயில் டிக்கெட்டுக்கும் தனியாகப் போட்டேன். மெட்ரோவுக்கும் சேர்த்துப் போட வேண்டுமா என்று பேரன் கேட்டான். அது வேறு பாதை, வேறு கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

போக விரும்பும் அங்கத்தினர்களுக்கு: திங்கட்கிழமை பொருட்காட்சி விடுமுறை. தோட்டத்துக்கென்று தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி அத்தத்தன்று போனால் அத்தச்சமய ஊர்வலத்தையும் பார்க்கலாம். ராஜா பவனி வந்த காலத்து வழக்கம் 1949இல் நின்றுபோய், 1961 முதல் ஜனங்களின் விழாவாக நடக்கிறது.

ஒரு வேண்டுகோள். நம் அங்கத்தினர் குடும்பங்களில் கொச்சி ஸர்க்கார் உத்தியோகத்திலோ, ஷொர்ணூர்–எர்ணாகுளம் பாதை போட்ட வேலையிலோ, பறம்பிக்குளம் டிராமிலோ இருந்தவர்கள் நிச்சயம் உண்டு. பழைய கடிதம், கணக்குப் புத்தகம், போட்டோ எதுவானாலும், பெட்டியில் இருந்தால் எடைக்குப் போடுமுன் இந்த இதழின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், என்னிடம் சேர்ப்பிப்பார்கள். முக்கியமாக, 1902க்கு முன் அந்தப் பதினைந்து பட்டங்களும் ஒன்றாக நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் சொன்னதாக யார் வீட்டிலாவது பேச்சு இருந்தால், அது எவ்வளவு சின்ன விஷயமானாலும் எழுதி அனுப்புங்கள்.